அறுபத்தொரு தலைக்கட்டும் நான்கு வகையறாவும்: ஒரு குலதெய்வ வரி நோட்டின் மரக்கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை மலையேறத் தொடங்கும் அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான குலதெய்வக் கோயில் ஒன்று இருக்கிறது. கோயில் சிறியது, ஆனால் அதன் திருவிழா வரி நோட்டு பெரியது. மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு என்ற கணக்கில் வரி விதிக்கப்படுவதால், யார் யாருடைய மகன் என்பதை அந்த நோட்டு தன் தேவைக்காகவே தலைமுறை தலைமுறையாகக் குறித்து வந்திருக்கிறது. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த நோட்டின் மீது நீண்ட நாள் ஆசை உண்டு. ஆயினும் அது என் கைக்கு வந்தது ஒரு தகராறின் வழியாகத்தான்.

பங்காளிகள் நான்கு வகையறாக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். ஏழு தலைமுறைக்கு முன் இருந்த, ஒரே தகப்பனுக்குப் பிறந்த ஐந்து அண்ணன் தம்பிகளில் நால்வரின் வழி வந்தவர்கள் இவர்கள் என்பதும், ஐந்தாமவர் கோபித்துக்கொண்டு சேர்வராயன் மலையேறிப் போனவர், அவருடைய சந்ததி தெரியாது என்பதும் வாய்வழிச் செய்தி. திருவிழாவில் முதல் மரியாதை நான்கு வகையறாக்களுக்கும் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்து வருகிறது. தலைக்கட்டு எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் பெரிய வகையறாவினர், தாங்களே மூத்தவர் வழி என்றும், குலதெய்வத்தின் அருள் தங்கள் பக்கமே நின்றது என்பதற்கு எண்ணிக்கையே சாட்சி என்றும், ஆகவே முதல் மரியாதை நிரந்தரமாகத் தங்களுக்கே வர வேண்டும் என்றும் கேட்டார்கள். மிகச் சிறிய வகையறாவின் தலைவர், உறவில் எனக்குப் பெரியப்பா முறை, கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, வெளியே வந்த பிறகு என்னிடம் மட்டும், “கணக்கு வாத்தியாராச்சே நீ, எண்ணிக்கை அப்படிச் சாட்சி சொல்லுமாப்பா?” என்று கேட்டார். இந்த ஆய்வு அந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட விடை.

நோட்டில் இருப்பதும் இல்லாததும்

வரி கட்டுவோர் மொத்தம் 83 பேர். இவர்களில் தந்தையும் மணமான மகனும் தனித்தனித் தலைக்கட்டாக வருகிறார்கள். அப்படியே எண்ணினால் ஒரே கிளை இரு முறை எண்ணப்பட்டுவிடும். ஆகவே ஏறக்குறைய ஒரே தலைமுறையினர் என்று கொள்ளத்தக்கவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கினேன். எஞ்சியவர்கள் 61 பேர். வகையறா வாரியாக 36, 14, 8, 3.

இந்த 61 பேரிலிருந்து மேல்நோக்கி ஐந்து தலைமுறைகளுக்குப் பெயர்கள் ஒழுங்காக இருக்கின்றன. அதற்கும் மேலே நோட்டு திடீரென மெலிந்து, நான்கு அண்ணன் தம்பிகளின் பெயர்களும் அவர்களுடைய தகப்பன் பெயரும் மட்டும் மிஞ்சுகின்றன. பல பெயர்களுக்கு எதிரே “வாரிசு இல்லை” என்று எழுதியிருக்கிறது. அவற்றில் கணிசமானவை நான்காம் தலைமுறை மேலே குவிந்திருப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அது 1876–78 பெரும் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை. நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் வழங்குவது அதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்தது 1881 இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது.

பெண்மக்களின் பெயர் ஒன்றுகூட நோட்டில் இல்லை. மணமானதும் மகள் கணவனுடைய குலதெய்வத்துக்கு உரியவளாகிவிடுவதால் வரிக்கணக்கு அவளை மறந்துவிடுகிறது. இது வெறும் குறை என்று சொல்லிக் கடந்துவிடக்கூடியது அன்று. இந்த நோட்டு எந்த மரத்தை வரைகிறது, எந்த மரங்களை வரையவில்லை என்பதை முடிவு செய்வதே இந்த விடுபாடுதான். அதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்வழி ஏன் அறுந்துபோகிறது

ஆண்வழிப் பெயர்கள் அழிவதைக் கணக்காக்கிய வரலாறு எங்கள் தகராறைவிடப் பழையது. இங்கிலாந்தில் பெருங்குடும்பங்களின் குடும்பப் பெயர்கள் மறைந்துவருவதைக் கண்ட பிரான்சிஸ் கால்ட்டன், 1873 இல் அதை ஒரு கணிதப் புதிராக அச்சில் விடுத்தார்: ஒவ்வோர் ஆணுக்கும் மகன்கள் இத்தனை பேர் என்பது ஒரே நிகழ்தகவு விதிப்படி, பிறரைச் சாராமல் அமையுமானால், ஒரு பெயர் முற்றிலும் அழியும் வாய்ப்பு எவ்வளவு? பாதிரியாரான ஹென்றி வாட்சன் விடை கண்டார். வழிமுறை சரி, முடிவு பிழை. எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று அவர் எழுதிவிட்டார். சராசரி மகன் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் ஒரு பகுதி பெயர்கள் என்றென்றும் நிலைக்கும் என்பதை, அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்னரே, 1845 இல், பிரான்சில் பியெனமே என்ற புள்ளியியலாளர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது. இங்கே ஆண்வழியைத் தாங்கி நிற்பது குலதெய்வமும் வகையறாப் பெயரும் என்பதால், கால்ட்டன் பெயர்களை வைத்துக் கேட்டதை நாம் தலைக்கட்டை வைத்துக் கேட்கலாம்.

எளிய மாதிரியில் தொடங்குவோம். மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகன். மகன் இல்லாமல் போகும் வாய்ப்பு பாதி, ஒருவன் மட்டும் இருக்கும் வாய்ப்பு கால், இருவர் அரைக்கால் என்று ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைவதாக வைத்துக்கொண்டால், ஒருவருடைய ஆண்வழி ஏழு தலைமுறைக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி எஞ்சிய வழியில் சராசரியாக எட்டுப் பேர் இருப்பார்கள். யாருக்கும் கூடுதல் திறமையோ கூடுதல் அருளோ வழங்காத இந்தச் சமவாய்ப்பு உலகத்தில்கூட எட்டுப் பேரில் எழுவர் சுவடில்லாமல் போகிறார்கள், எஞ்சிய ஒருவர் எட்டுப் பேருக்கு மூதாதையாகிறார் என்பதைப் படிப்பவர்கள் ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டும். பின்னோக்கிப் பார்ப்பவருக்கு அந்த ஒருவர் மட்டுமே தெரிகிறார். அவருக்குச் சிலை வைப்பது எளிது.

மக்கள்தொகை வளரும் மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். ஆல்பிரட் லோட்கா, அமெரிக்க வெள்ளையர்களின் 1920 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து மகன்களின் எண்ணிக்கைக்கு ஒரு பரவலைப் பொருத்தினார். மகனே இல்லாத வாய்ப்பு 0.4825; ஒரு மகன் என்பதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு 0.5893 மடங்காகக் குறையும். சராசரி 1.26 மகன்கள். வளரும் குடிதான், ஆனாலும் ஒருவருடைய ஆண்வழி என்றேனும் அழியும் வாய்ப்பு 0.82 என்று வருகிறது. சேலத்து விவசாயிக்கு அமெரிக்க அளவை அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மை. எனினும் ஒரு மேல்வரம்பாக அது பயன்படும். இந்த அளவுகளுடன் ஏழு தலைமுறை ஓட்டிப் பார்த்தால் ஒரு வழி எஞ்சும் வாய்ப்பு 0.216, எஞ்சிய வழியில் சராசரியாக 23 பேர். நான்கு வழிகள் எஞ்சினால், தேக்க மாதிரி மொத்தம் 32 பேர் என்கிறது, வளர்ச்சி மாதிரி சுமார் 93 பேர் என்கிறது. எங்கள் 61 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பாதிக் காலம் பஞ்சமும் கொள்ளைநோயும், மீதிக் காலம் பெருக்கமுமாகக் கழிந்த ஒரு குடிக்கு இது எதிர்பார்க்கத் தக்க இடந்தான்.

முப்பத்தாறு அதிகமா?

தகராறின் மையம் மொத்த எண்ணிக்கை அன்று, பங்கீடு. 61 ஐ நான்காகப் பகிர்ந்தால் தலைக்குப் பதினைந்து வர வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. ஒரு பக்கம் 36, மறு பக்கம் 3 என்று கண்டதும் காரணம் கேட்கிறது. பெரிய வகையறாவினர் செய்ததும் இதுதான், சிறிய வகையறாவினர் பல தலைமுறையாகத் தங்களுக்கு ஏதோ சாபம் என்று நம்பி வந்ததும் இதுதான்.

மேலே சொன்ன இரு மாதிரிகளுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எஞ்சிய ஒவ்வொரு வழியின் அளவும் பெருக்குத் தொடர்ப் பரவலில் அமைகிறது. அதாவது ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்லும்போது வாய்ப்பு எப்போதும் ஒரே விகிதத்தில் குறைகிறது. இதன் விளைவு வியப்புக்குரியது. நான்கு வழிகள் எஞ்சின, மொத்தம் 61 பேர் என்பவை மட்டும் தெரிந்திருந்தால், 61 ஐ வரிசை முறையோடு நான்கு பங்காக்கும் 34,220 வழிகளும் சம வாய்ப்புடையவை. 15, 15, 15, 16 என்ற சீரான பங்கீட்டுக்கும் 36, 14, 8, 3 என்ற எங்கள் பங்கீட்டுக்கும் மாதிரி ஒரே எடையைத்தான் தருகிறது. சீரான பங்கீடுகள் எண்ணிக்கையில் சில, கோணலானவை ஏராளம். ஆகவே கோணல்தான் வழக்கம்.

எண்ணிப் பார்த்தேன். நான்கில் ஏதேனும் ஒரு வகையறா பாதிக்கு மேல் பெறும் வாய்ப்பு 47 விழுக்காடு. ஏதேனும் ஒன்று 36 அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு 27 விழுக்காடு. ஏதேனும் ஒன்று மூன்று அல்லது அதற்குக் கீழே தேங்கிவிடும் வாய்ப்பு 49 விழுக்காடு. காசைச் சுண்டித் தலை விழுந்தால் அருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா, பெரியப்பாவின் மூன்று வீட்டுக்குத் தேவைப்படும் விளக்கமும் அவ்வளவே.

பஞ்சம் இதைக் கெடுக்காதா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மகன் எண்ணிக்கை மாறினாலும், ஒவ்வொரு தலைமுறையின் பரவலும் மேற்சொன்ன வடிவத்தில் இருக்குமானால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகும் வடிவம் மாறுவதில்லை. தாது வருஷம் நான்கு கிளைகளையும் ஒரே நிகழ்தகவோடு தாக்கியிருந்தால், மொத்தத்தைக் குறைத்திருக்கும், பங்கீட்டின் விதியைத் தொட்டிருக்காது. பரவல் வேறு வடிவில் இருந்தாலும், தேக்க நிலையிலுள்ள குடியில் தலைமுறைகள் பல கடந்தபின் எஞ்சிய வழியின் அளவு இதே வடிவத்தை நெருங்கும் என்று ரஷ்யக் கணிதவியலாளர் யாக்லோம் 1947 இல் நிறுவியிருக்கிறார். ஏழு தலைமுறை என்பது பல அன்று என்பதால், இந்தத் தேற்றத்தின் மீது முழுப் பாரத்தையும் நான் ஏற்றவில்லை.

கூட்டத்தில் தேற்றம் பேச முடியாது. அதனால் ஒரே அளவுள்ள புளியங்கொட்டைகளாகப் பொறுக்கி, சுண்ணாம்பு, மஞ்சள், குங்குமம், கரி என நான்கு நிறங்கள் பூசி எடுத்துச் சென்றேன். சொம்பில் நிறத்துக்கு ஒன்றாக நான்கு கொட்டைகள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பிப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மொத்தம் 61 ஆகும் வரை இப்படியே. எகன்பெர்கரும் ஜார்ஜ் போல்யாவும் 1923 இல் ஆராய்ந்த கலச மாதிரி இதுவே. எடுக்கப்படும் கொட்டை ஒரு தகப்பன், சேர்க்கப்படும் கொட்டை அவனுக்குப் பிறந்த மகன் என்று பார்த்தால், இது கிளைவிடும் மரம். 61 ஆனதும் கிடைக்கும் பங்கீடு, மேலே சொன்ன 34,220 வழிகளில் சம வாய்ப்போடு ஒன்று. சிறுவர்களை விட்டே எடுக்கச் சொன்னோம். முதல் சுற்றிலேயே கரி 33, மஞ்சள் 17, சுண்ணாம்பு 9, குங்குமம் 2 என்று நின்றது. ஐந்து சுற்றுகளில் இரண்டில் ஒரு நிறம் பாதியைத் தாண்டியது. ஒரு சுற்றுகூட நான்கும் ஏறத்தாழச் சமமாக முடியவில்லை. குங்குமத்துக்கு இரண்டே வந்ததைப் பார்த்துப் பெண்கள் பக்கத்தில் யாரோ உச்சுக்கொட்டியது, கொட்டைக்கும் நாம் விதி கற்பிக்கத் தயங்கமாட்டோம் என்பதை எனக்கு நினைவூட்டியது.

தொடக்கத்தில் தற்செயலாக இரண்டு மூன்று முறை வரும் நிறம், அடுத்து வருவதற்கான வாய்ப்பையும் பெருக்கிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து கொட்டைக்குள் ஏற்படும் ஏற்றத்தாழ்வு பிறகு பெரும்பாலும் மாறுவதில்லை. குடிவழியிலும் முதல் இரண்டு மூன்று தலைமுறைகளில் யாருக்கு எத்தனை மகன் பிழைத்தான் என்பதுதான் இன்றைய எண்ணிக்கையைத் தீர்மானித்திருக்கிறது. உண்மையான காரணங்கள் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மூத்தவர் முதலில் மணம் முடித்துச் சில ஆண்டுகள் முந்தியிருக்கலாம், கிணற்று நிலம் ஒரு கிளைக்குப் போயிருக்கலாம், நிலமுள்ள வீட்டில் பஞ்சத்திலும் பிள்ளைகள் பிழைத்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் காட்டி அந்தக் காரணங்களுள் எதையும் நிறுவ முடியாது. மூத்தவர் வழி இதுதான் என்பதை அறவே நிறுவ முடியாது.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு

கணக்கைப் பின்னோக்கி நடத்தும்போதுதான் எதிர்பாராத இடத்தில் முள் குத்தியது. இன்றிருப்போரிலிருந்து மேல்நோக்கிச் சென்று, வழிகள் எங்கெங்கே ஒன்றோடொன்று சேர்கின்றன என்று பார்க்கும் மாதிரியை 1982 இல் ஜான் கிங்மன் வகுத்தார். ஒன்றிணைவு மரம் என்று அதைச் சொல்லலாம். மாறாத அளவுள்ள குடியில், எந்த இரு வழிகளும் ஒரு தலைமுறை மேலே ஒரே தகப்பனிடம் சேரும் வாய்ப்பு சமம். வழிகள் பல இருக்கும்போது இணைகள் பல என்பதால் சேர்க்கை விரைந்து நடக்கிறது. வழிகள் குறையக் குறைய மந்தமாகிறது. 61 வழிகள் நான்காகக் குறைய ஆகும் சராசரிக் காலம், மரத்தின் மொத்த ஆழத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நான்கு ஒன்றாவதற்கே மீதி நான்கில் மூன்று பங்குக் காலம் செலவாகிறது. கடைசி இருவர் சேர்வதற்கு மட்டும் பாதிக்கு மேல். மரத்தின் அடிமரம் நீளமானது, கிளைகள் நுனியில்தான் நெருங்குகின்றன.

எங்கள் நோட்டோ இதற்கு நேர்மாறாக, நான்கு வழிகளும் ஒரே தலைமுறையில், ஒரே தகப்பனிடம், ஒரே அடியில் சேர்வதாகச் சொல்கிறது. விரைந்து வளரும் குடியில் மரம் விண்மீன் வடிவில் விரியும், அடிமரம் குறுகும் என்பதால் இது நடக்கவே நடக்காது என்று கிங்மன் மரத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே லோட்காவின் வளர்ச்சி அளவுகளுக்கே திரும்பினேன். ஐந்து அண்ணன் தம்பிகளில் குறைந்தது நால்வரின் ஆண்வழி ஏழு தலைமுறை தாங்கும் வாய்ப்பு 0.9 விழுக்காடு. தேக்க மாதிரியில் அது ஆயிரத்துக்கு ஒன்றளவுதான். குலதெய்வமும் வரி நோட்டும் வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தழைத்த குடிகளை மட்டுமே நாம் ஆராய வருகிறோம், அழிந்தவர்கள் ஆய்வு கேட்பதில்லை என்பதால், இந்த நூற்றுக்கு ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையான அளவு இதைவிட உயர்ந்திருக்கும். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பின்னரும், பெரியவர்கள் சண்டையிட்ட 36 இயல்பானதாகவும், யாருமே கேள்வி கேட்காத நான்கு என்னும் எண் விளக்கம் தேவைப்படுவதாகவும் எனக்குப் பட்டது.

வாய்மொழி வம்சாவளிகளில் இடைத் தலைமுறைகள் காலப்போக்கில் மடிந்து உள்வாங்கிக்கொள்வது மானிடவியலாளர் பல இடங்களில் கண்டிருக்கும் செய்தி. சிற்றப்பன் மகன் அண்ணன் தம்பியாகிவிடுவான், பாட்டன் தகப்பனாகிவிடுவான். நம் மலையில் வாழும் மலையாளி மக்களுக்கும், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்ற தொன்மம் உண்டு. தொன்மங்கள் மரத்தின் அடியில் சில உடன்பிறந்தாரையே நிறுத்த விரும்புகின்றன. வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்வது கடினம். நல்லவேளையாக, வழக்கின் முதல் விடைக்கு இதனால் பழுதில்லை. நான்கு வழிகளும் உடன்பிறந்தாரிடம் தொடங்கினாலும், ஒரே காலத்தில் வாழ்ந்த நான்கு பங்காளிகளிடம் தொடங்கினாலும், பங்கீட்டு விதி ஒன்றே.

இந்த நிலையில் நோட்டை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தேன். சிறிய வகையறாவில், பஞ்சத்துக்கு அடுத்த தலைமுறையில், ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக “சுவீ.” என்று மங்கிய மையில் எழுதியிருந்தது. சுவீகாரம். பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, தம் பாட்டனார் பெரிய வகையறாவில் பிறந்து, பிள்ளையில்லாத இந்த வீட்டுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவர் என்றும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்றும் சொன்னார். இன்றுள்ள மூன்று தலைக்கட்டும் அந்தப் பாட்டனார் வழியே. பிள்ளையில்லாத வீடு பங்காளி வீட்டிலிருந்தே பிள்ளை எடுப்பது பழைய வழக்கம். மரக்கணக்கில் பார்த்தால், வாடிப்போன கிளையின் பெயரை இன்னொரு கிளையின் தளிரில் கட்டி உயிரோடு வைத்திருக்கும் ஏற்பாடு அது. இந்தச் செய்தியைப் பொதுவில் வைக்க அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் இல்லாமல் எழுதச் சொன்னார்.

ஆக, இரத்த வழியில் பார்த்தால் எஞ்சியவை மூன்று வழிகளே: 39, 14, 8. மூன்றாகப் பங்கிடும்போது ஒன்று 39 அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு 39 விழுக்காடு; கோணல் மேலும் சாதாரணமாகிவிட்டது. ஐந்து பேரில் குறைந்தது மூவரின் வழி எஞ்சும் வாய்ப்போ, வளர்ச்சி மாதிரியில், 0.9 இலிருந்து 7 விழுக்காடாக உயர்கிறது. சுவீகாரத்தை ஒப்புக்கொண்டதால் குலக்கதை பலவீனப்படவில்லை, நம்பத்தக்கதாகவே ஆயிற்று.

வரையப்படாத மரங்கள்

என் தம்பி மகன் ஒருவன், வகையறாவுக்கு ஒருவராக எச்சில் மாதிரி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் எல்லாம் தெளிந்துவிடும் என்றான். ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் நிறப்புரி (குரோமோசோம்) தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் செல்வதால், நோட்டின் மரத்தையே அது திரும்ப வரையும் என்பது சரி. ஆனால் தெளிவு என்பது எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வழக்கமான சோதனையில் பார்க்கப்படும் பதினேழு குறியிடங்களில், ஒவ்வொன்றும் தலைமுறைக்குச் சுமார் ஐந்நூறில் ஒன்று என்ற வேகத்தில் மாறுவதாகக் கொண்டால், ஏழு தலைமுறைக்கு முன் பிரிந்த இருவருக்கு இடையே எதிர்பார்க்கத்தக்க மாற்றம் அரைக்கும் குறைவு. ஏழா பத்தா என்று அது சொல்லாது. அந்த நிறப்புரியின் மரபணு எழுத்துகளை ஒரு கோடி அளவுக்கு விரிவாக வாசித்தால் ஒரு வழியில் சுமார் 125 ஆண்டுக்கு ஒரு மாற்றம் கிடைக்கும். நால்வரும் உடன்பிறந்தாரா, பங்காளிகளா என்பதைப் பிரித்தறிய அதுவும் போதாமல் போகலாம். கிடைக்கக்கூடிய உறுதியான செய்தி ஒன்றுதான்: எங்கோ ஒரு வீட்டில், சொல்லப்படாத வேறொரு சுவீகாரமோ வேறொன்றோ இருந்தது என்பது. அதைத் தெரிந்துகொள்ள 61 வீடும் சம்மதித்ததா என்று அவனைக் கேட்டேன். அத்துடன் பேச்சு நின்றது.

ஒய் நிறப்புரியின் மரம் ஒரே மரம். உடலின் மற்ற மரபணுக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மரம் வைத்திருக்கின்றன. ஒன்று அப்பத்தா வழியாக ஏறும், மற்றொன்று அம்மாவின் தாத்தா வழியாக. ஏழு தலைமுறை மேலே ஒருவருக்கு 128 மூதாதையர் இடங்கள் உண்டு. எங்கள் குலத் தலைவர் அவற்றில் ஓர் இடம். ஒன்பது தலைமுறை மேலே போனால், மரபணுக் கலப்பின் விளைவாக, ஏறத்தாழ மூன்றில் ஒரு மூதாதையின் மரபணுத் துண்டு ஒன்றுகூட நம்மிடம் வந்து சேர்ந்திராது.

மறுபக்கம், நோட்டில் இல்லாத மகள்களின் வழியாக அந்த 128 இடங்களும் ஊரெல்லாம் பரவுகின்றன. இரு பெற்றோரையும் கணக்கில் கொண்டால் எல்லோருக்கும் பொதுவான மூதாதை எவ்வளவு அண்மையில் கிடைப்பார் என்பதை ஜோசப் சாங் 1999 இல் காட்டினார்: குடியின் அளவை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று வருமோ, ஏறக்குறைய அத்தனை தலைமுறை. நாலாயிரம் பேர் கொண்ட ஒரு கொள்வினை கொடுப்பினை வட்டத்துக்கு அது பன்னிரண்டு தலைமுறைதான். உள்ளேயே மணப்பதால் வட்டம் மேலும் இறுகுகிறது. அக்காள் மகளை மணந்தால் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் மரபணு இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று, மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் பதினாறில் ஒன்று. இந்த இறுக்கத்தின் அளவு எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017 இல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில், சிறு எண்ணிக்கையான மூதாதையரிடமிருந்து பெருகியதன் தடம், அத்தகைய தடத்துக்குப் பெயர்போன பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட ஆழமாக இருந்தது. அவற்றுள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் கொண்ட குழுக்கள் பதினான்கு. மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி இந்த மரங்களில்தான் இருக்கிறது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் இல்லை.

வைகாசிக் கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். எண்ணிக்கை மூத்த வழிக்குச் சான்றாகாது. பங்கீடு இயல்பான எல்லைக்குள் இருக்கிறது. மரியாதை முறை பழையபடி சுற்றுவதை மாற்ற இந்த நோட்டில் ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். பெரிய வகையறாவினர் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். இந்த ஆண்டு முறை எப்படியும் அவர்களுடையதே என்பதால் பேச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. பழைய நோட்டு நைந்துவிட்டதால் புதியது எழுத முடிவாயிற்று. அதில் மகள்களின் பெயருக்கும், அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் தனிக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை முதலில் நிரப்பித் தந்தது பெரியப்பா வீடு: மூன்று தலைக்கட்டுக்குப் பதினொரு மகள்கள்.